அணிமாதியின் அறிக்கையில் இரண்டாவது கையெழுத்து

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி சிவேந்து மஜும்தார் அவர்களே, உள்துறையிலிருந்து வந்திருக்கும் இணைச் செயலர் அலோகேஷ் தத்தா அவர்களே, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் மறைந்தவரின் கணவர் பரிமல் பாபு அவர்களே, பலாஷ்கஞ்ச் வட்டார விரல்ரேகைப் பிரிவில் வேலை பார்த்தவர்களே, பார்க்கிறவரே! பார்க்கிறவர்களே என்று பன்மையில் சொல்ல ஆசைதான். நிபுணர் என்று அங்கே இன்றைக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒருவர்தான்; ஓய்வுபெற்ற நான் அதற்கு என்ன செய்வது? அனைவருக்கும் என் வணக்கம்.

மறைந்த முதுநிலை விரல்ரேகை நிபுணர் திருமதி அணிமா சமாத்தார் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கிறோம். நமக்கெல்லாம் அவர் அணிமாதி. அவரைவிட வயதில் மூத்த நான்கூட தீதி, அதாவது அக்கா என்று முறை வைத்து அப்படித்தான் கூப்பிட்டேன். படத்துக்குச் சம்பங்கி மாலை போட்டிருக்கிறீர்கள். நல்ல மாலை. சம்பங்கி என்றால் அவருக்குத் தும்மல் வரும். அலுவலகத்தில் யாருக்காவது பணி ஓய்வு விழா நடந்தால் மாலை ஒரு பக்கமும் அணிமாதி ஒரு பக்கமுமாக இருப்பார்கள். பரவாயில்லை, இனித் தும்மல் இல்லை.

எனக்கு முன் பேசியவர்கள் அழகாகப் பேசினார்கள். எனக்கு அழகாகப் பேச வரவில்லை. கோபம் வருகிறது. இரங்கல் கூட்டத்தில் கோபப்படலாமா என்று தலைவர் என்னைப் பார்க்கிறார். ஐயா, அணிமாதிக்காக ஒருவன் கோபப்படாமல் பேசினால் அவரைத் தெரியாதவன் என்று அர்த்தம்.

இணைச் செயலர் அவர்கள் சற்றுமுன் இரண்டு அறிவிப்புகள் செய்தார்கள். ஒன்று, நம் பிரிவின் ஒப்பீட்டு அறைக்கு அணிமாதியின் பெயர் சூட்டப்படும். கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். இரண்டாவது, அணிமாதி கடைசியாகப் பார்த்து முடித்த வழக்கின் அறிக்கையை அவருக்குச் செய்யும் மரியாதையாக நாளைக் காலையே நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடப் போகிறார்கள். இரண்டாவது நிபுணரின் கையெழுத்து வெறும் சம்பிரதாயம் என்று சொன்னார்கள். அதற்கும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை.

அந்த அறிக்கைக்காக ஒரு மனிதன் சிறையில் காத்திருக்கிறான். அவன் மனைவி இந்த மண்டபத்தில், கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த வழக்கில் அவனுக்கு எதிராக இருக்கும் சாட்சி அந்த ஒரு தாள் மட்டும்தான். அது எப்படிப் போகப்போகிறது என்பதைப் பேசாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்குவதாக இல்லை. மணி அடித்தாலும் இறங்க மாட்டேன்.

விரல்ரேகையை வைத்து ஆளை அடையாளம் காணும் அலுவலகம் உலகத்திலேயே முதலில் நம் வங்காளத்தில்தான் திறந்தது என்று முன்னால் பேசிய மூன்று பேரும் சொன்னார்கள். உண்மை. திறந்தவர்கள் உள்ளே ஆளும் போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நான் வேலையில் சேர்ந்தபோது நம் பிரிவில் பதினொரு நிபுணர்கள். மதியம் பொரியும் பஜ்ஜியும் பிரித்தால் மேசையில் இடம் இருக்காது. ஒருவர் ஓய்வு பெற்றார், அந்த இடம் காலி. இன்னொருவர் மாற்றலாகிப் போனார், அதுவும் காலி. ஒவ்வொரு ஆண்டும் அணிமாதி ஆள் கேட்டு எழுதுவார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வரும். ஒரு தடவை பதிலுக்குப் பதிலாக ஒரு லாரி வந்தது. சந்தோஷமாக ஓடிப்போய்ப் பார்த்தோம். உள்ளே ஓர் இரும்பு பீரோ.

அணிமாதி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன தேடுறீங்க அணிமாதி?" என்று கேட்டேன். நான் அவருக்கு ஹாஜ்ரா-தா, அதாவது ஹாஜ்ரா அண்ணன்.

"ஆளு கேட்டேன்ல ஹாஜ்ரா-தா, உள்ள வெச்சு அனுப்பியிருப்பாங்களோன்னு பாக்குறேன்."

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்தவன் நிமாய் மாலிக் என்ற சைக்கிள் வண்டிக்காரன்.

அந்தக் கதை இங்கே பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லவும் மாட்டார்கள். பஜாரில் ஒரு நகைக்கடையில் திருட்டு. உடைந்த ஜன்னல் கண்ணாடியில் ஒரு விரல் தடம். அன்று சாயங்காலம் கடை வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தான் என்று நிமாயைப் பிடித்தார்கள். தடமும் அவன் ரேகையும் நம் பிரிவுக்கு வருவதற்கு முன்னால் இன்ஸ்பெக்டரின் தொலைபேசி வந்தது. "ஆளு கிடைச்சாச்சு தீதி, கிட்டத்தட்ட ஒத்துக்கிட்டான். நீங்க ரேகைய மட்டும் சொல்லிடுங்க." ரேகையை மட்டும்! அன்றைக்கு மேசையில் குவிந்திருந்த வழக்குகளைப் பத்துப் பேர் பார்க்க வேண்டும். இருந்தவர்கள் மூன்று பேர். அணிமாதி பார்த்தார். ஒத்துப்போகும் இடங்களைச் சிவப்பு மையில் கோடிழுத்து, எண் போட்டு, இது நிமாயின் விரல்தான் என்று எழுதினார். படத்தை அப்படியே அடுத்த மேசைக்குத் தள்ளினார். அடுத்த மேசையில் திபாகர் கோலே. இதோ, மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். அப்போது புதிதாகத் தேர்வு பெற்ற நிபுணர். இரண்டு நிபுணர்களின் கையெழுத்து இருந்தால்தான் அறிக்கை வெளியே போகும்; அவரும் போட்டார்.

எட்டு மாதம் கழித்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டிய வாரம், அணிமாதி அந்தப் படத்தின் குறிக்காத பிரதியை எடுத்து மறுபடி பார்த்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். பிறகு திபாகரைக் கூப்பிட்டார். நான் அதே அறையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

"தடத்துல இந்த வரி ரெண்டா கிளை பிரியுதே, அன்னைக்குப் பார்த்தியா?"

"பார்த்தேன் அணிமாதி."

"அவன் விரல்ல இந்த இடத்துல கிளையே இல்ல. அதையும் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு என்ன பண்ணின?"

"கையெழுத்து போட்டேன்."

"ஏன்டா?"

"நீங்க சிவப்பு மையில குறிச்சு நம்பர் போட்டு வெச்சிருந்தீங்க. நீங்க பார்க்காததையா நான் பார்த்துடப் போறேன்னு இருந்துட்டேன்."

அவரை மட்டும் குறை சொல்லாதீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளை நாம் எப்படி வளர்க்கிறோம்? துர்க்கை பூஜை முடிந்த விஜயா தினத்தில் அணிமாதியின் காலைத் தொட்டு வணங்கி, அவர் கையால் தேங்காய் உருண்டை வாங்கித் தின்றவர் திபாகர். அடுத்த வாரம் அதே அக்காவின் முன்னால் நின்று ‘நீங்கள் தவறு’ என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? உங்களில் யாருக்கு வரும்? எனக்கு வந்திருக்காது. அணிமாதி அவரைத் திட்டவில்லை. நீ பேசாமல் இருந்ததற்கு நான் அல்லவா இடம் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

தலைவர் அவர்களே, அந்த வழக்கை விசாரித்தவர் நீங்கள். உங்களுக்கு நினைவிருக்கும். அரசு வழக்கறிஞர் வராந்தாவில் வைத்து, "கேட்டா மட்டும் சொல்லுங்க மேடம், நீங்களா எதுக்கு வாயத் திறக்கணும்?" என்று கெஞ்சினார். அணிமாதி கூண்டில் ஏறினார். யாரும் கேட்பதற்கு முன்னால், என் அறிக்கை தவறு, அது இவர் விரல் இல்லை என்றார். இரண்டு நிபுணர்கள் கையெழுத்திட்ட அறிக்கை அல்லவா என்று நீங்கள் கேட்டீர்கள். அதற்கு அவர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது.

"கையெழுத்து ரெண்டு இருக்குங்க ஐயா. ஆனா ரெண்டும் என்னோடதுதான்."

நிமாய் வெளியே வந்தான். துறை என்ன செய்தது? ஆள் அனுப்பியதா? துறையின் பெயரைக் கெடுத்ததற்கு விளக்கம் கேட்டு அணிமாதிக்கு ஒரு குறிப்பாணை அனுப்பியது. தவறைச் செய்தபோது வராத குறிப்பாணை, தவறைச் சொன்னபோது வந்தது.

நிமாய் ஒருநாள் பிரிவுக்கே வந்தான். நன்றி சொல்ல வரவில்லை. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "எட்டு மாசம் என் வண்டி மழையில கிடந்துச்சு. சக்கரமெல்லாம் போச்சு. மக பள்ளிக்கூடத்த விட்டுட்டா. நீங்க தப்புன்னு சொன்னது பெரிய விஷயம்னு ஊரே பேசுது. எனக்கு என்ன பெரிய விஷயம்?" என்று கேட்டான். அவன் போனபிறகு அணிமாதி, "அவன் திட்டினது ஒரு வார்த்தைகூட தப்பில்ல ஹாஜ்ரா-தா" என்றார். அந்த மாதத்திலிருந்துதான் நீங்கள் எல்லோரும் பிடிவாதக்காரி என்று சொல்லும் அணிமாதி உருவானார்.

அவர் கேட்டது மிகச் சின்ன விஷயம். முதல் நிபுணர் என்ன முடிவு சொன்னார் என்பது இரண்டாமவருக்குத் தெரியக் கூடாது. குறிக்காத படம்தான் அவர் கைக்குப் போக வேண்டும். போலீஸ் என்ன நினைக்கிறது என்பதும் இருவருக்கும் தெரியக் கூடாது. இருவரும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது நிபுணர் பார்க்க வேண்டும், ஒத்துப்போகவில்லை என்பதை இரு தரப்பு வழக்கறிஞருக்கும் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். இதை வாங்க அவருக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. இடையில் எத்தனை தொலைபேசி! "ரிப்போர்ட் ஏன் தேங்குது?" "ரெண்டாவது ஆளு லீவுல இருக்காரு சார்." "கையெழுத்துதானே, நீங்களே யாரையாவது விட்டுப் போடச் சொல்லுங்க." "டிரைவர் இருக்காரு சார், நல்லா கையெழுத்து போடுவாரு, போடச் சொல்லட்டுமா?" போன் வைக்கப்படும் சத்தம் எங்கள் மேசை வரை கேட்கும்.

கடைசியில் பிரிவை மேற்பார்வை செய்ய ஒரு குழு போட்டார்கள். மகிழ்ந்தோம். குழுவில் ஆறு பேர். ரேகை பார்த்தவர் ஒருவரும் இல்லை. முதல் கூட்டம் குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்று பேசியே முடிந்தது. இரண்டாவது கூட்டத்தில் டீயோடு கொடுத்த மீன் சாப் நன்றாக இருந்தது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் வேறு எதுவும் நடக்கவில்லை. குழுவின் தலைவர் யார்? குற்றப் புலனாய்வுக்குப் பொறுப்பான அதிகாரி. எந்த அதிகாரியின் ஆட்கள் ‘ரேகை பொருந்துகிறது’ என்ற பதிலுக்காகக் காத்திருக்கிறார்களோ, அதே அதிகாரி அந்தப் பதில் ஒழுங்காக வந்ததா என்று மேற்பார்வை செய்வார். அணிமாதி எழுந்து கேட்டார்.

"கோல் அடிக்கிறவரே விசிலையும் ஊதினா ஆட்டம் எப்படி சார் நடக்கும்?"

அதிகாரி நன்றாகச் சிரித்தார். இன்னொரு சுற்று டீ சொன்னார். குழுவின் தலைவராகவே தொடர்ந்தார். இருந்தாலும் அணிமாதி விடவில்லை. நச்சரித்து நச்சரித்து அந்த விதியை மட்டும் எழுத்தில் வாங்கிவிட்டார். முதல் நிபுணரின் முடிவை எங்கே பூட்டி வைப்பது என்ற கேள்வி வந்தபோது, இருக்கவே இருக்கிறது துறை அனுப்பிய இரும்பு பீரோ என்றார்.

விதி வந்தது. ஆள் வரவில்லை. அதுதான் அவரைத் தின்றது. இதைச் சொல்லும்போது பரிமல் பாபு என்னை மன்னிக்க வேண்டும். நெஞ்சு வலிக்கிறது, பரிசோதனை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது அணிமாதி விடுப்பு கேட்டார். மாற்று ஆள் இல்லாததால் இப்போது இயலாது என்று பதில். பிரிவில் அப்போது அவரும் திபாகரும் மட்டும்தான். ஒருவர் போனால் எந்த அறிக்கையும் வெளியே போகாது. சண்டை போட்டு விடுப்பு வாங்குங்கள் என்று நான் போனில் கத்தினேன். "நான் படுத்துட்டா உள்ள இருக்கிறவன் இன்னும் ஒரு மாசம் உள்ள இருப்பான் ஹாஜ்ரா-தா. அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த மாதம் வந்தது. அணிமாதி இல்லை. இணைச் செயலர் அவர்களே, அறைக்கு அவர் பெயரை வைக்கிறீர்கள். அவர் உயிரோடு இருந்தபோது அந்த அறைக்கு இரண்டு பேரை அனுப்பியிருந்தால் பெயர்ப்பலகைக்கு இன்று வேலை இருந்திருக்காது. எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. அதை மறைத்து நான் எதைப் பேச?

இனி அந்தக் கடைசி அறிக்கைக்கு வருகிறேன்.

அணிமாதி இறப்பதற்கு முந்தைய நாள் அந்த வழக்கின் தடத்தைப் பார்த்து, தம் முடிவை எழுதி பீரோவில் வைத்துப் பூட்டினார். அவர் காரியம் முடிந்த பிறகு திபாகர் விதிப்படி குறிக்காத படத்தை எடுத்துப் பார்த்தார். தடம் தேய்ந்திருக்கிறது, யாருடையது என்று சொல்ல இது போதாது என்று தம் குறிப்பில் எழுதினார். பிறகு பீரோவைத் திறந்தார்கள். அணிமாதி எழுதியிருந்தது, ‘பொருந்துகிறது’.

நான் ரகசியத்தை உடைக்கவில்லை. இருவர் ஒத்துப்போகாவிட்டால் அதை மறைக்கக் கூடாது என்பது அணிமாதி வாங்கிக் கொடுத்த விதி. நாளைக் காலை அனுப்ப வேண்டும் என்று துறையிலிருந்து திபாகருக்குச் சொன்னார்கள். மூன்றாவது நிபுணரை எங்கே போய்த் தேடுவது, முதுநிலை நிபுணர் சொன்னதே இருக்கட்டும் என்றார்கள். "செத்துப்போனவங்க பேர்ல குறை எழுதலாமா? அவங்களுக்கு நீங்க காட்டுற மரியாதை இதுதானா?" என்று கேட்டார்கள். மரியாதை! மறுபடி அதே மரியாதை.

திபாகர் நேற்று என் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயதை நெருங்கும் மனிதர், சின்னப் பிள்ளைபோல் அழுதார். "அணிமாதியோட கடைசி ரிப்போர்ட்ட, அவங்க திருப்பிப் பதில் சொல்ல முடியாத நேரத்துல, நான் எப்படி ஹாஜ்ரா-தா ஒத்துக்க மாட்டேன்னு எழுதுறது?" என்றார். ரேகையில் முப்பது வருடம் கண் வைத்தவன் நான், அவரைக் கையோடு எழுப்பினேன். இருவருமாகப் பரிமல் பாபுவைப் பார்க்கப் போனோம். பரிமல் பாபு சாதுவான மனிதர், பள்ளியில் பூகோளம் நடத்தியவர், சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. திபாகர் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு சொன்னார்.

"அவ ஊர்ல இருக்கிற அத்தனை பேரோடயும் சண்டை போட்டது எதுக்குடா? நீ அவளோட ஒத்துக்காம இருக்கணும்னுதானே? இப்ப போய் மரியாதை காட்டாத."

கதவோரத்தில் இருக்கும் அம்மா, உங்கள் கணவர் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. அணிமாதி சொன்னதே சரியாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, இந்த மேடையில் இருக்கும் எவருக்கும் தெரியாது. தெரியாதபோது தெரிந்த மாதிரி ஒரு தாள் போகக் கூடாது என்பதுதான் எங்கள் தொழில்.

இணைச் செயலர் அவர்களே, நீங்கள் அறிவித்த பெயர்ப்பலகை பிறகு வரட்டும். முதலில் பக்கத்து மாநிலத்திலிருந்தாவது ஒரு மூன்றாவது நிபுணரை அனுப்புங்கள், அவர் கையில் குறிக்காத படத்தைக் கொடுங்கள். காலியிடங்களை நிரப்புங்கள். மேற்பார்வைக் குழுவுக்குப் போலீஸ் வேலை பார்க்காத ஒருவரைத் தலைவராக்குங்கள். ஓய்வுபெற்ற நாங்கள் ஐந்து பேர் இங்கே இருக்கிறோம். புதிதாக வருகிறவர்களுக்குச் சம்பளமில்லாமல் சொல்லிக் கொடுப்போம். ஆள் வரும்வரை உங்கள் அலுவலக வராந்தாவில் வந்து உட்காருவோம், எங்களுக்கு வேறு வேலையும் இல்லை. அணிமாதி எழுதியதுபோல் வருடத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்க மாட்டோம். இது இந்த அவையின் முன் நாங்கள் எடுக்கும் உறுதி.

கடைசியாக, படத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

அணிமாதி, திபாகர் இன்று மதியம் அறிக்கையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். உங்கள் முடிவை அவர் ஏற்கவில்லை. அறிக்கையில் இப்போது இரண்டு பேருடைய கையெழுத்து இருக்கிறது.